காட்டுயிர் வேலைக்கு வர நினைப்பவருக்கு

கேள்வி இதுதான்: வயது 27, மென்பொருள் வேலை, கல்லூரியில் உயிரியல் படித்ததில்லை. நான்கு வருடமாக விடுமுறை நாட்களில் பறவை பார்க்கப் போகிறேன். காட்டுயிர் பாதுகாப்பிலோ சூழலியலிலோ முழுநேர வேலைக்கு வர ஆசை. வழி இருக்கிறதா, இல்லை காலம் கடந்துவிட்டதா? வந்தால் குடும்பம் நடத்த முடியுமா?

வழி இருக்கிறது. காலமும் கடந்துவிடவில்லை. குடும்பம் நடத்துவதைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அதை ஒரு வரியில் முடித்தால் உங்களை ஏமாற்றியது போலாகும்.

களப்பணிக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பங்களைப் படிக்கும் வேலை சில வருடங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. முக்கால்வாசி விண்ணப்பங்கள் “சின்ன வயதிலிருந்தே விலங்குகள் என்றால் எனக்கு உயிர்” என்றுதான் தொடங்கும். பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் வருகிற எல்லோரிடமும் இருக்கிற ஒன்றை வைத்து யாரைத் தேர்ந்தெடுப்பது? நான் தேடுவது வேறு. நாள் முழுக்க நடந்துவிட்டு வந்து, கால் வலியோடு, அன்றைய குறிப்புகளை அன்றிரவே கணினியில் ஏற்றிவிட்டுத் தூங்குகிற ஆளா? சரியாகத் தெரியாத காலடித் தடத்தைச் சிறுத்தை என்று எழுதாமல் “தெரியவில்லை” என்று எழுதும் துணிச்சல் உண்டா? ஆறு பேர் ஒரே கூரையின் கீழ் மூன்று மாதம் இருக்கும்போது சண்டை மூட்டாமல் இருப்பாரா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் மற்றதைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஆகவே எந்த விலங்கோடு வேலை செய்வது என்ற கனவைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். எந்த வேலையைச் சலிப்பான நாளிலும் எழுந்து போய்ச் செய்வீர்கள் என்று யோசியுங்கள். இந்தத் துறைக்குள் எத்தனை விதமான வேலை இருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு கதை சொன்னால் புரியும்.

1990-களில் தெற்காசியாவில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் அவற்றை எண்ணி வந்த விபு பிரகாஷ் என்ற பறவையியலாளரிடம் பழைய கணக்கு இருந்தது. புதிய கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் சரிவு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. மூன்று இனங்கள் 95 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோயின. ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியல் நிபுணரின் குழு செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தது. உள்ளுறுப்புகளின் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவு. யூரிக் அமிலம். சிறுநீரகம் கெட்டுப்போனதன் அடையாளம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் பொருள் இவற்றின் வயிற்றுக்குள் எப்படிப் போனது என்று தேடிக்கொண்டே போனவர்கள், மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்தில் போய் நின்றார்கள். ஊசி போட்ட மாடு செத்தால் அதைத் தின்ற பாறும் சாகும். 2004-இல் அந்த முடிவு வெளியானது.

அதோடு முடியவில்லை. எத்தனை மாட்டுக்கு இந்த ஊசியைப் போட்டிருப்பார்கள், இதனாலா இத்தனை பறவை சாகும் என்று யாருக்கும் சந்தேகம் வரும். கணித மாதிரி போடத் தெரிந்தவர்கள் அதற்குப் பதில் சொன்னார்கள்: நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே போதும், இந்தச் சரிவு நடக்கும். மாற்று மருந்தான மெலாக்சிகாம் பாறுகளுக்குக் கெடுதல் செய்யாது என்று இன்னொரு குழு சோதித்துக் காட்டியது. 2006-இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதைத் தடுத்தன. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போகின்றன என்று மருந்துக்கடை கடையாக ஏறி விசாரித்துச் சிலர் கண்டுபிடித்தார்கள். 2015-இல் இந்தியா அந்தக் குப்பியின் அளவை 3 மில்லிக்குக் குறைத்தது. இதற்கிடையே, வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும் இந்தப் பறவையைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கும் பொறுமைசாலிகளும் இருந்தார்கள்.

இதில் எண்ணியவர், அறுத்துப் பார்த்தவர், கணக்குப் போட்டவர், மருந்து சோதித்தவர், கடை ஏறி இறங்கியவர், சட்டத்துக்காக அலைந்தவர், கூண்டைக் கழுவியவர் என்று எத்தனை பேர் பாருங்கள். இவர்களில் ஒருவரை எடுத்துவிட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். உங்களுக்கு எந்தக் கண்ணி பொருந்தும் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடையில் ஒரு சொல் விஷயம். “வனவிலங்கு” என்றதும் மனதுக்குள் நாலு கால் வந்து நின்றுவிடுகிறது. அதனால்தான் “காட்டுயிர்” என்ற சொல் எனக்குப் பிடிக்கும். அதில் தவளைக்கும் பாசிக்கும் புல்லுக்கும் இடம் இருக்கிறது. தவளை, தேரை, சாலமாண்டர் வகைகளில் ஐந்தில் இரண்டு இனம் அழியும் அபாயத்தில் இருப்பதாக 2023-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. பெரிய பூனைகளைப் பின்தொடர ஆசைப்படுகிறவர்களின் வரிசை மிக நீளம். தவளைக்கும் சிலந்திக்கும் நன்னீர் மீனுக்கும் வரிசையே இல்லை. சில இனங்களை அடையாளம் சொல்லத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். யாரும் தொடாத ஒரு உயிரினக் குழுவைப் பத்து வருடம் பிடித்துத் தொங்கினால் நீங்கள்தான் அதன் ஆள்.

சரி, அன்றாட வேலை எப்படி இருக்கும்?

எதிரே ஏதாவது அசைந்தால் தானாகவே படமெடுக்கும் தானியங்கிக் கேமராவை எடுத்துக்கொள்வோம். வரிப்புலி, சிறுத்தை மாதிரி உடலில் அடையாளம் உள்ள விலங்குகளை எண்ண இதுதான் கருவி. ஒவ்வொன்றின் வரியும் புள்ளியும் நம் கைரேகை போலத் தனி. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் பாதையின் இரு புறமும் ஒரு கேமரா வேண்டும். 1990-களில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் இப்படி எடுத்த படங்களிலிருந்து, மீண்டும் மீண்டும் சிக்கும் புலிகள் எத்தனை, ஒரே முறை சிக்கியவை எத்தனை என்று பார்த்து, சிக்காதவற்றையும் சேர்த்து மதிப்பிட்டுக் காட்டினார். கேட்க அழகாக இருக்கிறது. செய்யும்போது நடப்பது: முழங்கால் உயரத்தில் மரத்தில் கட்ட வேண்டும். எதிரே உள்ள புல்லை வெட்ட வேண்டும். வெட்டாமல் விட்டால் காற்றில் ஆடும் ஒரே ஒரு இலை ஆறாயிரத்துச் சொச்சம் படம் எடுத்துக் கொடுக்கும், அத்தனையையும் நீங்கள்தான் உட்கார்ந்து அழிக்க வேண்டும். காலைச் சூரியனைப் பார்த்தபடி கட்டக் கூடாது. மின்கலம் மாற்றினால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடிகாரத்தில்தான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஐந்து வாரம் கழித்துப் படங்களைத் திறந்தால், குரங்குகள் நள்ளிரவு ஒரு மணிக்கு நல்ல வெயிலில் பேன் பார்த்துக்கொண்டிருந்தன. முற்பகலையும் பிற்பகலையும் மாற்றி வைத்திருக்கிறேன். அன்று எந்த விலங்கு எப்போது நடமாடுகிறது என்பதுதான் எங்கள் கேள்வியே. கேமரா கட்டிய நேரத்தைக் களக்குறிப்பேட்டில் பென்சிலில் எழுதி வைத்திருந்ததால் தப்பித்தேன். எல்லாப் படத்துக்கும் பன்னிரண்டு மணி நேரம் கூட்டினால் சரியாகிவிட்டது. பேனாவில் எழுதியிருந்தால் அந்தப் பக்கம் மழையில் கரைந்திருக்கும். இந்தத் துறையில் பென்சிலுக்கு இருக்கும் மரியாதை அதனால்தான்.

ஒரு மாதம் காட்டில் இருந்தால் இரண்டு மூன்று மாதம் கணினி முன்னால் இருக்க வேண்டியிருக்கும். இதைக் கேட்டுச் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. நீங்கள் சோர வேண்டியதில்லை. உங்களுக்குப் பழக்கமான நாற்காலிதான்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு எண்ணம் ஓடுகிறது. அதைப் புரிந்துகொண்டால் சூழலியலில் பாதி தூரம் வந்த மாதிரி. பார்க்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. ஒரு ஓடையில் ஒரு தவளை இருக்கிறது என்று வையுங்கள். ஒருமுறை போனால் அதைக் கண்டுபிடிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூன்று முறை போயும் பார்க்காமல் திரும்பும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அப்படியென்றால் அந்தத் தவளை இருக்கும் எட்டு ஓடைகளுக்கு மும்மூன்று முறை போனாலும் சராசரியாக ஓர் ஓடையில் “இல்லை” என்று தவறாக எழுதிவிட்டு வருவீர்கள். அந்தத் தவற்றின் அளவைக் கணக்கிடத்தான் இவ்வளவு புள்ளியியலும். ஆகவே பார்த்ததை மட்டும் குறித்தால் போதாது. போனது எப்போது, எவ்வளவு நேரம், எதுவும் தென்படவில்லை என்பதையும் எழுத வேண்டும். பூச்சியத்தை எழுதப் பழகியவரை நான் கண்ணை மூடிக்கொண்டு வேலைக்கு எடுப்பேன்.

அடுத்து படிப்பு. உயிரியல் பட்டம் இல்லையென்றால் கதவு மூடிவிடாது. முதுகலை ஒன்று தேவைப்படலாம். சூழலியல், காட்டுயிரியல், பாதுகாப்பு உயிரியல் என்று பல பெயரில் இருக்கும் படிப்புகளில் வேறு துறைப் பட்டதாரிகளை எடுத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. தேர்ந்தெடுக்கும்போது கல்லூரியின் பெயரைவிட, மாணவர்களைக் களத்துக்கு எத்தனை வாரம் அனுப்புகிறார்கள், ஆய்வேட்டைத் தாங்களே வடிவமைக்க விடுகிறார்களா என்று பாருங்கள். படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பட்டமே தேவையில்லை என்று வாதாடுகிறவர்கள் சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடாலைக் காட்டுவார்கள். 1960-இல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டுக்குப் போனபோது அவரிடம் பட்டம் இல்லை என்பது உண்மைதான். அவரை அனுப்பிய தொல்மானுடவியலாளர் லூயி லீக்கியே பிறகு அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பி முனைவர் பட்டம் வாங்க வைத்தார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். பட்டம் இல்லாதவரின் பேச்சை அறிவியல் உலகம் காதில் போட்டுக்கொள்ளாது, பணமும் வராது என்று லீக்கிக்குத் தெரிந்திருந்தது.

அதற்காக எல்லோரும் முனைவர் பட்டத்துக்கு ஓட வேண்டும் என்பதில்லை. நீங்களே கேள்வி எழுப்பி, நீங்களே ஆய்வுக்குழு நடத்த ஆசை என்றால் மட்டும் போங்கள். வேறு எதுவும் அமையவில்லை என்பதற்காகப் போகாதீர்கள். நான்கிலிருந்து ஆறு வருடம் போகும். போகிறதென்று முடிவு செய்தால் தலைப்பைவிட வழிகாட்டிதான் முக்கியம். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களிடம், முடிந்தால் பாதியில் விட்டுப் போனவர்களிடமும், தனியாகப் பேசுங்கள். எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் திருத்தித் தருவார், மாணவர் எடுத்த தரவில் யார் பெயர் முதலில் வரும், களத்தில் உடம்பு சரியில்லை என்றால் என்ன சொல்வார். இந்த மூன்றையும் கேளுங்கள். நான் கேட்காமல் போய் இரண்டு வருடத் தரவை இன்னொருவர் பெயரில் பார்த்தேன். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

மென்பொருள் தெரிந்த உங்களுக்கு என்ன இடம் என்று கேட்டால், நல்ல இடம். ஐநேச்சுரலிஸ்ட் தளம் 2008-இல் பெர்க்லியில் முதுகலை மாணவர்கள் இறுதித் திட்டமாகச் செய்ததுதான். இன்று உலகம் முழுக்க மக்கள் ஏற்றும் படங்கள் அறிவியல் தரவாகின்றன. நான் ஆறாயிரம் இலைப் படங்களை உட்கார்ந்து அழித்தேனே, அந்த வேலையை இப்போது மெகாடிடெக்டர் என்ற இலவச மென்பொருள் செய்கிறது. விலங்கு, மனிதர், வண்டி, வெறும் படம் என்று பிரித்துக் கொடுத்துவிடும். காட்டில் ஒலிப்பதிவுக் கருவி வைத்துவிட்டு வந்தால் ஆயிரக்கணக்கான மணி நேரப் பதிவு குவிகிறது. அதைக் கேட்க ஆள் கிடையாது, நிரல் எழுதத்தான் ஆள் வேண்டும். சூழலியல் மாணவர்கள் பலர், புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் (R) என்ற நிரல் மொழியைத் தட்டுத் தடுமாறிக் கற்கும் இடத்தில் நீங்கள் ஏற்கெனவே நிற்கிறீர்கள்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிவிட்டால் உங்களை அலுவலகத்தை விட்டு வெளியே விட மாட்டார்கள். அச்சுப்பொறி பழுதானாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். முதல் வருடத்திலேயே, முழுப் பருவம் ஒன்றைக் களத்தில் கழிப்பேன் என்று பேசி வாங்கிக்கொள்ளுங்கள். தரவு எப்படிப் பிறக்கிறது என்று பார்க்காதவர் எழுதும் நிரல் பூச்சியத்தைக் காலி இடம் என்று நினைத்து அழித்துவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

வேலை கொடுப்பவர்கள் யார்? அரசு வனத்துறைகள், பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள், உயிரியல் பூங்காக்கள், அருங்காட்சியகங்கள். அரசு வேலைக்கு ஒவ்வொரு நாட்டிலும் தேர்வும் வயது வரம்பும் வேறு வேறு, அதை உங்கள் நாட்டு அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும். வனக்காவலர் வேலையைச் சாகசமாக நினைத்து வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காங்கோ ஜனநாயகக் குடியரசின் விருங்கா தேசியப் பூங்காவில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட காவலர்கள் பணியில் கொல்லப்பட்டிருக்கிறார்கள்.

விலங்கு வளர்ப்பில் கை தேர்ந்தவர்களைப் பல பேர் மட்டமாகப் பார்க்கிறார்கள். தப்பு. மொரீஷியஸ் தீவின் வல்லூறு 1974-இல் காட்டில் நான்கே நான்கு இருந்தது. 1979-இல் அங்கே போன கார்ல் ஜோன்ஸ், வேல்ஸில் சிறுவனாக இருந்தபோதே அடிபட்ட பறவைகளைக் கொல்லைப்புறத்தில் வளர்த்துப் பழகியவர். கூட்டிலிருந்து முட்டையை எடுத்தால் தாய்ப்பறவை இன்னொரு முறை இடும் என்பது பறவை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த பழைய வித்தை. எடுத்ததைக் கருவியில் பொரிக்க வைத்தார், காட்டில் இருந்ததற்குக் கூடுதல் தீனி கொடுத்தார். நூற்றுக்கணக்கில் பறவைகள் திரும்பி வந்தன. ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டே இருந்திருந்தால் அந்த நான்கும் போயிருக்கும்.

அதிகம் பேசப்படாத, ஆனால் நிறையப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற இடம் ஆலோசனை நிறுவனங்கள். அணை, சாலை, காற்றாலை, மின்பாதை எது கட்டினாலும் அங்கே என்ன உயிர்கள் இருக்கின்றன, என்ன பாதிப்பு வரும் என்று அறிக்கை கொடுக்கச் சொல்லிப் பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. 1970 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான சட்டம் இதற்கு முன்னோடி. சம்பளம் தொண்டு நிறுவனத்தைவிடக் கூடுதல், சரியான தேதியில் வரும். சிக்கல் என்னவென்றால், அறிக்கைக்குப் பணம் கொடுப்பவர் அதைக் கட்டப்போகிறவர். நான் எழுதிய ஓர் அறிக்கையில் “வௌவால்கள் அடிக்கடி கடக்கின்றன” என்ற வரியில் “அடிக்கடி” என்பதை “எப்போதாவது” என்று மாற்றச் சொல்லி மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். சொல்லை எடுத்துவிட்டு எண்ணைப் போட்டேன்: இரவுக்குச் சராசரியாக எத்தனை, எத்தனை இரவுகள். எண்ணை மாற்றச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. நல்லவர்கள் இந்த வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யாராவது எழுதத்தான் போகிறார்கள். எண்ணத் தெரிந்தவர் எழுதட்டும்.

காட்டுக்குப் போவதே மனிதர்களிடமிருந்து தப்பிக்கத்தான் என்று வருகிறவர்களும் உண்டு. அவர்கள் மூன்றே மாதத்தில் உண்மையைத் தெரிந்துகொள்வார்கள். பாதுகாப்பு வேலை பெரும்பாலும் மனிதர்களோடு செய்வது. கடலில் நீண்ட தூண்டில் கயிறு விடும் கப்பல்களின் பின்னால் ஆல்பட்ரோஸ் பறவைகள் இரைக்குப் பாய்ந்து, முள்ளில் மாட்டி, கயிற்றோடு மூழ்கிச் சாகின்றன. தீர்வு எளிது: கப்பலின் பின்புறம் வண்ணப் பட்டைகள் தொங்கும் கயிறு ஒன்றைப் பறக்க விட வேண்டும், தூண்டிலுக்கு எடை கட்ட வேண்டும், இரவில் விட வேண்டும். மீனவர் அதைத் தினமும் செய்ய வேண்டும் என்பதுதான் கடினம். 2005-இல் தொடங்கிய ஆல்பட்ரோஸ் பணிக்குழு ஆட்களைக் கப்பலிலேயே ஏற்றி அனுப்பியது. அவர்கள் மீனவர்களோடு வாரக்கணக்கில் கடலில் கிடந்து, பறவை தின்ற இரையில் மீன் கிடைக்காது என்று பேசிப் பேசிப் புரிய வைத்தார்கள். நமீபியாவின் நீள்தூண்டில் மீன்பிடிப்பில் கடற்பறவைச் சாவு 98 சதவீதம் குறைந்தது. அங்கே வேலை செய்தது குமட்டல் தாங்கும் வயிறும் கேலி தாங்கும் மனசும்.

அதேபோல், எந்தக் காட்டுக்குப் போனாலும் அங்கேயே பிறந்து வளர்ந்த வழித்துணைகள் இருப்பார்கள். உங்கள் முதல் ஆசிரியர்கள் அவர்கள்தான். உடைந்த கிளையைப் பார்த்து எப்போது உடைந்தது என்று சொல்வார்கள். அவர்கள் பெயர் கட்டுரையில் வருகிறதா, கூலி நேரத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். ஒரு குழு எப்படிப்பட்டது என்பதை இதைவிட நன்றாகக் காட்டுவது எதுவும் இல்லை.

இப்போது பணம். ஆரம்ப வருடங்களில் வேலைகள் பெரும்பாலும் ஆறு மாத, ஒரு வருட ஒப்பந்தங்கள். நிதிநல்கை முடிந்தால் வேலையும் முடியும். இப்போது வாங்குகிற சம்பளத்தில் பாதிகூட முதலில் வராமல் போகலாம். நிலையான இடம் கிடைக்கப் பல வருடம் ஆகும். சிலருக்குக் கிடைக்காமலே போகும். இதை வீட்டில் மறைக்காதீர்கள். “எனக்கு இது பிடிக்கும்” என்று சொல்வதோடு நிறுத்தாமல், எத்தனை வருடம் முயன்று பார்ப்பேன், கையில் எவ்வளவு சேமிப்பு, சரிவராவிட்டால் என்ன செய்வேன் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். கடன் இருந்தால் அடைத்துவிட்டு வாருங்கள். வேலையை விடும் முன் ஒரு வருடம் வார இறுதிகளில் ஏதாவது ஒரு ஆய்வுக்குழுவுக்குத் தரவு வேலை செய்து பாருங்கள். பலருக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும். வேலையை விடாமல், கூடுதலாக இதைச் செய்வதே போதும் என்று நிறைவடைந்தவர்களையும் எனக்குத் தெரியும். அது தோல்வி இல்லை.

சம்பளமில்லாப் பயிற்சி பற்றி எனக்குக் கோபம் உண்டு. ஒரு மாதம், சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து, உண்மையாகவே கற்றுக்கொடுத்தால் சரி. அதற்கு மேல் நீண்டால் உங்கள் உழைப்பில் அவர்கள் திட்டம் நடக்கிறது. இதனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அனுபவம் சேர்த்துக்கொள்கிறார்கள், மற்றவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். நீங்களே பணம் கட்டித் தொண்டு செய்யும் திட்டங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சிங்கக்குட்டியைக் கொஞ்சலாம், பாட்டிலில் பால் புகட்டலாம் என்று அழைக்கும் இடம் பாதுகாப்பு மையமாக இருக்காது. தென்னாப்பிரிக்காவில் அப்படி மனிதக் கையில் வளர்ந்த சிங்கங்கள் பிறகு வேலிக்குள் வேட்டைக்கு விற்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்த விஷயம்.

வயது? தவளைகளை உலகெங்கும் கொன்ற கைட்ரிட் பூஞ்சைக்கு 1999-இல் அறிவியல் பெயர் சூட்டியவர்களில் ஜாய்ஸ் லாங்கோர் ஒருவர். நெடிய இடைவெளிக்குப் பிறகு படிப்புக்குத் திரும்பி, ஐம்பதைத் தாண்டி முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். யாருக்கும் அக்கறை இல்லாத நுண்பூஞ்சைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். செத்த தவளைகளின் தோலில் இருந்தது என்ன என்ற கேள்வி வந்தபோது கேட்பதற்கு அவரை விட்டால் வேறு ஆள் அதிகம் இல்லை. 27 என்பது இங்கே சின்ன வயது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் தோற்பதற்கும் பழக வேண்டும். இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் மூன்று கிராம் எடையுள்ள ஒரு வௌவால் இருந்தது. குறைந்துகொண்டே போனது. பிடித்து வளர்க்கலாம் என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். அனுமதி 2009-இன் நடுவில்தான் வந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒலிக்கருவியில் ஒரே ஒரு வௌவாலின் குரல் கேட்டது. வலையில் சிக்கவில்லை. ஆகஸ்ட் 26 இரவு கடைசியாகக் கேட்டது. மறுநாள் கருவியை வைத்தார்கள், இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்த இரவுகளில் கருவியோடு உட்கார்ந்திருந்தவர்களும் நம் துறைக்காரர்கள்தான். உங்களுக்கும் ஏதாவது ஒரு வடிவில் இப்படி ஓர் இரவு வரும். பேசுவதற்கு இரண்டு நண்பர்களைத் துறைக்குள்ளும், இதைப் பற்றி ஒன்றுமே தெரியாத இரண்டு பேரைத் துறைக்கு வெளியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நாளையிலிருந்து என்ன செய்வது? பறவை பார்க்கத்தான் போகிறீர்கள், அதைத் தரவாக்குங்கள். வீட்டுக்கு அருகில் ஒரு குளமோ புதரோ தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை, அதே நேரம், அதே பாதை, அதே இருபது நிமிடம் நடந்து, பார்த்ததை எண்ணிக்கையோடு ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள். ஒன்றும் தென்படாத வாரத்தையும் எழுதுங்கள். ஆறு மாதத்தில் இருபத்தைந்து நடை சேரும். அதை ஆர் மொழியில் ஒரு வரைபடமாகப் போட்டு, ஏன் அந்த வடிவம் வந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். நிலப்படம் வரையும் க்யூஜிஐஎஸ் (QGIS) மென்பொருள் இலவசம், பாதையை அதில் வரைந்து இணையுங்கள். பிறகு நீங்கள் படித்துப் பிடித்துப்போன ஆய்வை எழுதியவர்களில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். முதல் வரியில் சின்ன வயது ஆசை வேண்டாம். அவர்களுடைய கட்டுரையில் உங்களுக்குப் புரியாத ஒரு இடத்தைக் கேளுங்கள், உங்களால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எந்த வேலை செய்ய முடியும் என்று சொல்லுங்கள், அந்த ஒரு பக்கத்தை இணையுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். பெரும்பாலும் அவர்கள் காட்டில் இருப்பார்கள், சிக்னல் இருக்காது.